அருகு வேர் பிடிக்கும் பதினான்கு நாட்கள்

நெடுஞ்சாலைத் திட்டம் ஒன்றின் செலவுப் பட்டியலைப் புரட்டினால் மண்வெட்டு, கால்வாய், தார், இரும்பு எல்லாம் கடந்து கடைசிப் பக்கங்களில் புல்லுக்கும் ஒரு வரி இருக்கும். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று விலை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் கட்டுமானப் பொறியியல் படித்தேன். பாலத்துக்கு ஒரு பாடம், மண்ணுக்கு இரண்டு பாடம். புல்லுக்கு எதுவும் இல்லை. வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, வெட்டிய மலைச்சரிவை மழை கரைத்துக்கொண்டு போகாமல் முதலில் பிடித்து நிறுத்துவது அந்தப் புல்தான்.

சரிவில் புல் பதிக்க இங்கே இரண்டு வழக்கம். பத்தை பத்தையாக இடைவெளி விட்டு வைப்பது 'ஸ்பாட் டர்ஃபிங்'. இடைவெளியே இல்லாமல் பாய் விரிப்பதுபோல் வைப்பது 'குளோஸ் டர்ஃபிங்'. பெரும்பாலும் 'கவ் கிராஸ்' என்று நாம் சொல்லும் அகன்ற இலைப் புல். சரிவு செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு பத்தைக்கும் மூங்கில் ஆப்பு அடிப்பார்கள். பார்க்க எளிய வேலை. ஆனால் ஓரிடத்துப் புல்லை மண்ணோடு வெட்டி இன்னோரிடத்தில் உயிரோடு வைப்பது என்ற இந்த யோசனைக்குப் பின்னால் எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அந்தக் கதையில் நம் ஆட்களும் வருகிறார்கள், அதுவும் எதிர்பாராத பக்கத்திலிருந்து.

1

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த துறவி ஆல்பெர்ட்டஸ் மாக்னஸ், 1260ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். அதில் கண்ணுக்கு இன்பம் தரும் தோட்டம் அமைப்பது எப்படி என்று சொல்கிறார். முதலில் நிலத்திலுள்ள வேர்களையெல்லாம் தோண்டி எடு. பிறகு கொதிக்கும் நீரை ஊற்று; மிச்சமிருக்கும் விதைகள் வெந்துபோகட்டும். அதன்மேல் வேறிடத்தில் வெட்டிய மெல்லிய புல்பத்தைகளைப் பரப்பு. மரச் சம்மட்டியால் அடி, காலால் மிதி. கொஞ்ச நாளில் புல் மெல்ல மேலெழுந்து பச்சைத் துணிபோல் மூடிக்கொள்ளும்.

இன்றைய ஒப்பந்தக்காரர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். கொதிநீருக்குப் பதில் களைக்கொல்லி, சம்மட்டிக்குப் பதில் உருளை. நடுவில் நடந்த பெரிய மாற்றம் வெட்டுவதில் வந்தது. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேலே நீட்டியிருக்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரம்தான் அவருக்கு முன்மாதிரி. அதுவரை அரிவாள் ஏந்திய ஆட்களை வைத்திருக்கும் பிரபுக்களுக்கே சாத்தியமான புல்தரை, நடுத்தர வீட்டு வாசலுக்கும் வந்தது.

அந்த ஆசையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தார்கள். ஊருக்கு ஒரு பாடாங், அதன் ஓரத்தில் ஒரு கிளப். கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் 1884இல் தொடங்கியது. அதன் முன்னால் கிரிக்கெட் ஆடிய திடல்தான் இன்றைய டத்தாரான் மெர்டேக்கா. ஆசையைக் கொண்டுவர முடிந்ததே தவிர, இங்கிலாந்தின் புல்லைக் கொண்டுவர முடியவில்லை. குளிர்நாட்டுப் புற்கள் நம் வெப்பத்தில் தாங்காது. சூடு ஏற ஏற அவை தயாரிக்கும் உணவைவிட மூச்சுக்குச் செலவழிப்பது கூடிவிடும். ஆகவே வெப்பநாட்டுப் புற்கள்தான் கைகொடுத்தன. நாம் 'நம்ம ஊர்ப் புல்லு' என்று நினைக்கும் கவ் கிராஸ்கூட அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததுதான்.

2

பாடாங்கில் புல்லைப் பாதுகாத்த அதே ஆட்சியின் தோட்டங்களில், புல் விரோதியாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களில் 'சுத்தக் களையெடுப்பு' என்பதே நல்ல நிர்வாகத்தின் அடையாளம். மரத்தடியில் ஒரு புல் தெரியக்கூடாது. துரை குதிரையில் வரும்போது மண் செம்மண்ணாக, வெறுமையாக, பெருக்கிய வாசல்போல் இருக்க வேண்டும். அந்த வெறுமையை உண்டாக்கியதில் பெரும்பங்கு தமிழ்த் தொழிலாளர்களுடையது, அதிலும் பெண்களுடையது. சாங்கோலும் கையுமாக நிரை நிரையாகக் குனிந்து அவர்கள் பிடுங்கியது மலாயாவின் மேல்மண்ணைப் பிடித்திருந்த வேர்களை. அவர்களுக்கு வேறு வழியில்லை. அதற்குத்தான் அன்றைய கூலி.

விளைவு ஆற்றில் தெரிந்தது. மூடியிருந்த காடும் போய், புல்லும் போன சரிவுகளிலிருந்து மேல்மண் மழைக்கு மழை கரைந்து இறங்கியது. களையெடுக்க ஆள் வைக்க வசதியில்லாத சிறுதோட்டக்காரர்களின் மரங்கள், புல்லும் புதரும் சூழ நன்றாகவே பால் கொடுத்துக்கொண்டிருந்தன. 1920கள், 30களில்தான் பெரிய தோட்டங்கள் மெல்ல மனம் மாறி பியூரேரியா, காலோபோகோனியம் போன்ற பயற்றினக் கொடிகளை மரத்தடியில் வளர்த்து மண்ணை மூடத் தொடங்கின. பிடுங்கச் சொன்ன கைகளிடமே நடவும் சொன்னார்கள். நம் தோட்டப்புற இலக்கியத்தில் பால்வெட்டு இருக்கும் அளவுக்குக் களையெடுப்பு இல்லை என்பது என் எண்ணம். எழுதப்பட வேண்டிய வேலை அது.

3

இதேபோல் விரோதியாக இருந்து செல்லப்பிள்ளையான இன்னொரு புல், நமக்கு மிக நெருக்கமானது. உலகம் 'பெர்முடா கிராஸ்' என்று அழைப்பது நம் அருகம்புல்லைத்தான். பிள்ளையாருக்குச் சாத்துவோமே, அதே 'சைனோடான் டாக்டிலான்'. ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோட வேண்டும் என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அமெரிக்காவின் தென்மாநிலப் பருத்தி விவசாயிகளுக்கு அந்த வேரோடும் குணம்தான் தலைவலி. ஒரு கணு மிஞ்சினாலும் மறுபடி படர்ந்துவிடும் அருகை அவர்கள் படுமோசமான களையாகவே பார்த்தார்கள்.

1936இல் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வுநிலையத்துக்கு வந்த கிளென் பர்ட்டன் என்ற தாவரவியலாளர் அதை வேறு கண்ணால் பார்த்தார். முதலில் மாட்டுத் தீவனத்துக்காக, பிறகு கால்பந்துத் திடலுக்கும் கோல்ஃப் மைதானத்துக்குமாக அருகை ஒட்டுக்கலந்தார். 1960இல் வெளிவந்த 'டிஃப்வே 419' அவற்றில் மிகவும் புகழ்பெற்றது. சாதாரண அருகுக்கும் ஓர் ஆப்பிரிக்க அருகுக்கும் பிறந்த கலப்பு. பெற்றோர் இரண்டுக்கும் குரோமோசோம் கணக்கு வேறு வேறு என்பதால் பிள்ளைக்கு மூன்று தொகுதி, மொத்தம் 27. அதனால் அது முளைக்கும் விதை தராது.

இந்த ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். விதை இல்லை என்றால் அந்தப் புல் பரவ ஒரே வழிதான்: வெட்டி எடுத்து, வேறிடத்தில் வைத்து, பிழைக்க வைப்பது. உலகம் முழுக்கத் திடல்களில் இருக்கும் டிஃப்வே அத்தனையும் டிஃப்டனில் நின்ற ஒரே செடியின் துண்டுகளின் துண்டுகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றியதால் உயிரோடு இருக்கிறது.

பர்ட்டனுக்கும் நமக்கும் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. அவர் கம்பும் ஆராய்ந்தார். அவர் உருவாக்கிய 'டிஃப்ட் 23ஏ' என்ற ஆண்மலட்டு வரிசையைத் தாயாக வைத்துத்தான் டி. எஸ். அத்வால் லூதியானாவில் இந்தியாவின் முதல் வீரியக் கம்பு ரகமான எச்பி-1ஐ உருவாக்கினார். 1965இல் அது வெளியானது. விளைச்சல் எகிறியது. சில ஆண்டுகளில் அடிச்சாம்பல் நோய் வந்து அந்த வரிசைக் கம்புகளைச் சாய்த்தது. பெருநிலம் முழுக்க ஒரே தாயின் பிள்ளைகளை நட்டால் ஒரே நோய்க்கு எல்லாம் விழும் என்பதற்கு அது பெரிய பாடம். ஒரே செடியின் துண்டுகளால் ஆன திடல்களுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

4

பதித்த புல்லைப் பிழைக்க வைப்பது எவ்வளவு கடினம் என்று உலகம் நேரில் பார்த்த சந்தர்ப்பங்கள் உண்டு. 1994 உலகக் கிண்ணத்தின் சில ஆட்டங்கள் டெட்ராய்ட் அருகே 'சில்வர்டோம்' என்ற கூரையிட்ட அரங்கில் நடக்க வேண்டியிருந்தது. உள்ளே செயற்கைத் தரை. விதிப்படி தேவை உயிருள்ள புல். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் கலிபோர்னியாவில் வளர்ந்த புல்லை வரவழைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுகோணத் தட்டுகளில் மண்ணோடு வைத்து அரங்கத்துக்கு வெளியே வெயிலில் வளர்த்தார்கள். ஆட்டத்துக்கு முன் தட்டுகளை உள்ளே கொண்டுபோய்த் தேன்கூடுபோல் பொருத்தினார்கள். முந்தைய கோடையிலேயே ஜெர்மனி–இங்கிலாந்து ஆட்டத்தில் ஒத்திகையும் பார்த்துவிட்டார்கள். 1994 ஜூன் 18இல் அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் அந்தப் புழுக்கத்தில் 1–1 என ஆடி முடித்தன. புல் தாங்கியது.

இருபது ஆண்டு கழித்துச் சிங்கப்பூரில் நடந்தது நேர்மாறு. 2014 ஜூனில் திறந்த புதிய தேசிய அரங்கில் இயற்கைப் புல்லோடு செயற்கை இழை கலந்த தரை. பிரம்மாண்டமான கூரையின் நிழலில் புல் அடர்த்தியாக வளரவில்லை. அக்டோபர் 14இல் பிரேசில் ஜப்பானை 4–0 என்று வென்றது. நான்கு கோலும் நெய்மார். ஆனால் மறுநாள் பேச்சில் மணல் தெரிந்த தரையும் இருந்தது. பிறகு செயற்கை விளக்குகள் வந்தன. வேறிடத்தில் வளர்த்துக் கொண்டுவந்து பதிக்கும் முறைக்கு மாறினார்கள். டெட்ராய்ட்டில் நிழலுக்குள் புல் இருந்தது சில வாரங்கள். சிங்கப்பூரில் அது வாழவேண்டிய வீடே நிழல்.

5

இனி என் துறைக்கு வருகிறேன். வெட்டிய புல்பத்தையில் மண் சுமார் 2 சென்டிமீட்டர் தடிமன். அந்த மண் புல் குடிக்கத்தக்கதாகப் பிடித்து வைக்கும் நீர், அதன் கனஅளவில் ஏறத்தாழ 15 விழுக்காடு என்று வைத்தால், 3 மில்லிமீட்டர். நம் ஊர் வெயில் நாளில் புல்தரை இழக்கும் நீர் 4 முதல் 5 மில்லிமீட்டர். அதாவது காலையில் வயிறு நிறையக் குடித்த பத்தை, மாலைக்கு முன்பே காய்ந்துவிடும். வேர் கீழ்மண்ணில் 12 சென்டிமீட்டர் இறங்கிவிட்டால் கையிருப்பு 18 மில்லிமீட்டர். நான்கு நாள் தாங்கும். பதித்த முதல் இரண்டு வாரம் ஏன் முக்கியம் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். வெட்டி அடுக்கிய பத்தைகள் தம் மூச்சிலேயே சூடேறி உள்ளுக்குள் வெந்துபோகும். ஆகவே வெட்டிய அன்றே பதிக்க வேண்டும். அடிமண்ணை முதலில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பத்தையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். செங்கல் வரிசைபோல் இணைப்புகள் மாறி மாறி வர, விளிம்புகள் ஒட்ட, அடியில் காற்று இல்லாமல் அழுத்த வேண்டும். முதல் நாட்களில் குறைவாகப் பலமுறை, வேர் இறங்க இறங்க நிறைய எப்போதாவது. கெடா, பெர்லிஸ் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியில் 10,000 சதுர மீட்டர் சரிவுக்கு நாளொன்றுக்கு 50,000 லிட்டர் வேண்டும். பத்தாயிரம் லிட்டர் லாரி ஐந்து நடை. செலவுப் பட்டியலின் அந்த ஒற்றை வரியில் இந்த ஐந்து நடை கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் வேலையிடத்து மேற்பார்வையாளர் அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, இது பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்கற மாதிரி. ஒரேயடியா ஊத்திட்டுப் போயிட முடியாது. அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமா." உச்சிவெயிலில் தண்ணீர் பட்டால் இலை வெந்துவிடும் என்று நான் கேட்டு வளர்ந்ததைச் சொன்னேன். சிரித்தார். "வேர் இல்லாதவனுக்கு மதியந்தான்யா தாகம்" என்றார். அவர் சொன்னது சரி. நண்பகலில் லேசாகத் தெளிப்பது புதுப் புல்லின் சூட்டைத் தணிக்கும். இரவு முழுக்க இலை ஊறிக் கிடப்பதுதான் ஆபத்து. பூஞ்சைக்கு அது விருந்து.

நம் மேடைகளிலும் கவிதைகளிலும் அருகம்புல் உவமை அதிகம். எங்கே வீசினாலும் வேர்விடும் இனம், மிதித்தாலும் எழும் இனம் என்று. கைதட்டல் கிடைக்கும். எனக்கு அந்த உவமையில் உடன்பாடில்லை. அருகுகூட வெட்டிய முதல் வாரத்தில் தன் வீரத்தால் பிழைப்பதில்லை. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901இலிருந்து கிள்ளான் வட்டாரத்தில் சதுப்புகளை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். அதற்கு முன்பும், அந்த வேலை போய்ச்சேராத புதுத் தோட்டங்களில் அதற்குப் பின்பும், வந்திறங்கிய தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். இரு சாராரும் ஒரே ஊர்களிலிருந்து வந்த ஒரே ஆட்கள்தான். ஒரு பக்கம் கால்வாய் வெட்டப்பட்டது, மறுபக்கம் வெட்டப்படவில்லை. பிழைத்தவர்களின் உறுதியைப் பாடும்போது, செத்தவர்களை உறுதியில்லாதவர்கள் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம்.

புல் வேர்பிடித்ததா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. பத்தையின் மூலையைப் பிடித்து மெல்ல மேலே இழுக்க வேண்டும். எழும்பி வந்தால் இன்னும் இல்லை. தண்ணீரை நிறுத்தாதீர்கள். கை கொடுக்காமல் மண் பிடித்துக்கொண்டால், அதன்பிறகு அது தன்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.