ஆசாரத்திலிருந்து அடுப்படிச் சுவருக்குள்

சேலம், நாமக்கல் சமவெளி வீடுகளில் ஃபிரிட்ஜ் முதலில் குடியேறிய இடம் ஆசாரம், அதாவது கூடம். வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி, ரேடியோவுக்கோ பின்னாளில் டிவிக்கோ பக்கத்தில், தலைமேல் பூவேலைத் துணி விரித்து நின்றது. அங்கிருந்து அடுப்படிக்குள் போய், இன்று வசதியான வீடுகளில் அலமாரிக் கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக மறைந்துவிட்டது. இந்த இடமாற்றத்தில் நாகரிக மோகத்தைவிட மின்சாரத்துக்கும் அடுப்புக்கும்தான் பங்கு அதிகம்.

சேர்வராயனும் கல்வராயனும் கொல்லிமலையும் சூழ்ந்த இந்தச் சமவெளியில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. குளிரைச் சேர்த்துவைக்க வழியில்லாத காலத்தில், குளிர் தேவைப்படாத பண்டமாக உணவை மாற்றிவைப்பதே வழக்கமாக இருந்தது. பால் தயிராகி, வெண்ணெயாகி, கடைசியில் நெய்யாக உருகியது; ராசிபுரம் நெய்யின் பெயர் ஊர் தாண்டிப் பரவியது. கறி உப்புக்கண்டமானது, காய்கள் வற்றலும் ஊறுகாயும் ஆயின. இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலை உணவு தயார். எறும்புக்கும் பூனைக்கும் எட்டாமல் உறி தொங்கியது. ஈர மணல்மேல் வைத்த மண்பானை, நீர் கசிந்து ஆவியாகும்போது குளிர்ந்தது. கோடை முழுக்க வீட்டிலிருந்த குளிர்ச்சி அவ்வளவுதான்.

ஐஸ் தமிழ்நாட்டுக்குக் கப்பலில் வந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டூடர், உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் பெரும்பாலும் சென்னையிலிருந்த ஆங்கிலேயரின் மேசைக்கானது. சேலத்து அதிகாரிகளும் காப்பித் தோட்டக்காரர்களும் வெயிலுக்குத் தப்பத் தம் சொந்த வழியைக் கண்டுகொண்டார்கள்: ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஏற்காட்டுக்கு ஏறிவிடுவது. பொது மக்களுக்கு ஐஸ் அறிமுகமானது பிற்காலத்து அம்மோனியா ஐஸ் தொழிற்சாலைகளால். உமியும் மரத்தூளும் போர்த்திய பாளங்கள் சர்பத் கடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மீன் வியாபாரிக்கும் போயின. மேட்டூர் அணை மீன் வெளியூர் போக அந்தப் பாளங்கள்தான் துணை.

அணை இன்னொரு வகையிலும் இந்தக் கதைக்குள் வருகிறது. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் அடியில் 1937 முதல் மின்சாரம் உற்பத்தியானது. ஆலைகளும் தறிகளும் கிணற்று மோட்டார்களும் அதை முதலில் எடுத்துக்கொண்டன. வீட்டுக்குள் பல்புக்கு மேல் கரண்ட் போக இன்னும் பல ஆண்டுகள் ஆயின. கம்பி போகாத இடங்களில், தோட்டத்து பங்களாக்களிலும் மருந்தகங்களிலும், மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டால் குளிரூட்டும் ஃபிரிட்ஜ்கள் இருந்தன. தீயை வைத்துக் குளிரை உண்டாக்கும் பழைய உத்தியை வீட்டுப் பெட்டிக்கு ஏற்றபடி 1922இல் மாற்றியமைத்தவர்கள் இரண்டு சுவீடன் மாணவர்கள்.

இந்தியாவில் ஃபிரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கிய முதல் உள்நாட்டு நிறுவனம் கோத்ரெஜ், ஆண்டு 1958. கெல்வினேட்டர், ஆல்வின் பெட்டிகளும் பின்னர் கடைக்கு வந்தன. ஒற்றைக் கதவு, 165 லிட்டர், உறைபனியைக் கையால் கரைக்க வேண்டிய சிறு ஃபிரீசர் என்பதே பொது அமைப்பு. அரசு அதை ஆடம்பரப் பொருளாகக் கருதி வரி போட்டது. சமவெளியில் அதை முதலில் வாங்கியவர்கள் மருத்துவர்கள், ஜவுளிக்காரர்கள், சேகோ ஆலை முதலாளிகள், லாரி உரிமையாளர்கள். ஆசாரத்தில் அது நின்றதற்குப் பெருமையை மட்டும் காரணமாகச் சொன்னால் போதாது. பழைய வீட்டு அடுப்படியில் விறகுப் புகை, சுவரெல்லாம் கரி. அங்கே ஒரு பல்பைத் தவிர மின் இணைப்பு கிடையாது. எர்த் கம்பியோடு மூன்று துளை பிளக் இருந்த இடம் ஆசாரம்தான். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமத்து மின்னழுத்தம் தாழ்ந்து, கம்ப்ரஸர் முனகி, சில சமயம் எரிந்தும் போனது. ஆகவே ஃபிரிட்ஜுக்கு மேலேயோ பக்கத்துச் சுவரிலோ ஸ்டெபிலைசர் ஒன்று, முள் ஆடும் மீட்டரோடு, கூடவே குடியிருந்தது.

ஐஸ் தண்ணீருக்கு என்று வாங்கிய பெட்டியை நிரந்தரமாக்கியது இட்லி மாவு. வெட் கிரைண்டரில் ஒரு நாள் ஆட்டிப் புளிக்கவைத்து, மூன்று நான்கு நாள் வைத்துக்கொள்ள முடிந்ததும் வீட்டின் வாரக் கணக்கே மாறியது. முட்டையின் கதைதான் விசித்திரம். நாட்டின் பெரிய முட்டை மையங்களில் ஒன்றான நாமக்கல் நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகளை அனுப்புகிறது. உள்நாட்டுக்குப் போகும் முட்டையில் பெரும்பகுதி குளிரூட்டாமலே லாரியில் போகிறது. கழுவாத முட்டையின் ஓட்டில் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு இருப்பதால் சில நாட்கள் தாங்கும். முட்டையைக் கழுவும் அமெரிக்காவில் அந்தப் பூச்சு போய்விடுவதால் குளிரூட்டுவது கட்டாயம். ஆனாலும் முட்டைத் தட்டு, பண்ணைக்கு அடுத்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் கேள்வியின்றி உட்கார்ந்திருக்கிறது.

அடுப்படிக்குள் ஃபிரிட்ஜ் போக வழிவிட்டது சமையல் எரிவாயு. புகை நின்றது, தரையில் குந்திச் சமைத்தவர்கள் இரண்டடி அகலக் கிரானைட் மேடை முன் நின்று சமைத்தார்கள். அந்த எரிவாயுவைத் தென்னிந்தியா முழுக்க ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளுக்கு நாமக்கல் பெயர்போனது. எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்த ஐசோபியூட்டேன்தான் இன்றைய பல வீட்டு ஃபிரிட்ஜ்களின் குழாய்க்குள்ளும் ஓடுகிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் பழைய ஃப்ரியான் வாயு விலக்கப்பட்டதன் விளைவு அது. சந்தை திறந்த 1991க்குப் பின் கொரிய நிறுவனங்கள் வந்தன. இரட்டைக் கதவும் உறைபனி சேராத பெட்டியும் பரவலாயின. சாம்சங் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஃபிரிட்ஜ் தயாரிக்கிறது. 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில், சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாதபோது, எவ்வளவு பெரிய பெட்டியும் வெறும் அலமாரியானது. சுவருக்குள் பதிக்கும் ஃபிரிட்ஜை இங்கே யாரும் துணிந்து வாங்க, கரண்ட் நிலைப்பட வேண்டியிருந்தது.

பதிக்கும் ஃபிரிட்ஜ் அமெரிக்காவில் வளர்ந்த யோசனை. விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1945இல் தொடங்கிய சப்-ஜீரோ நிறுவனம், கம்ப்ரஸரையும் வெப்பம் கக்கும் குழாய்களையும் பெட்டியின் தலைக்கு மாற்றி, ஆழத்தை 24 அங்குலத்துக்குள் அடக்கியது. மேடையின் ஆழமும் அதேதான் என்பதால் பெட்டி முன்னே துருத்தவில்லை. ஐரோப்பியர் 56 சென்டிமீட்டர் அகல மாடத்தைப் பொது அளவாக வைத்து, மரப்பலகைக்குப் பின்னால் பெட்டியை முழுக்க மறைத்தார்கள். இரண்டுக்கும் இடைப்பட்டது மேடை ஆழப் பெட்டி: தனியாக நிற்கும், கதவு மட்டும் சற்று வெளியே தெரியும், வேண்டாமென்றால் நகர்த்தலாம். சமவெளி வீடுகளுக்குப் பல வகையில் இதுவே பொருத்தம்.

காரணம் வெப்பம். உள்ளிருந்து எடுக்கும் சூட்டை ஃபிரிட்ஜ் வெளியே விட்டாக வேண்டும். ஆசாரத்தில் நின்றபோது அதை யாரும் கவனிக்கவில்லை. நாலு பக்கமும் மூடிய மாடத்தில் அதுவே முதல் சிக்கல். அடிப்பலகையில் காற்று புகவும், பின்புறம் ஏறி மேலே வெளியேறவும் வழி விடாவிட்டால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொரு குறிப்பு தட்பவெப்ப வகுப்பு. ‘என்’ என்று குறித்தது 32 டிகிரி அறை வெப்பம் வரைக்கும், ‘எஸ்டி’ 38 வரைக்கும், ‘டி’ 43 வரைக்கும் ஆனது. ‘என்’ மட்டும் குறித்த இறக்குமதிப் பெட்டி சேலத்துக் கோடையில் தன் எல்லையைத் தாண்டித்தான் வேலை செய்யும். அமெரிக்கச் சந்தைக்கான 115 வோல்ட் பெட்டியை உறவினர் அனுப்பினாலும் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருக முடியாது.

ஆழம் குறைந்தால் கொள்ளளவும் குறையும். பின்வரிசையில் எதுவும் மறந்து கிடக்காது என்பது லாபம். அகன்ற மாவுக் குண்டானுக்கு இடம் தேடுவது நஷ்டம். தட்டுகளின் உயரத்தை மாற்ற முடிகிறதா என்பதை, குண்டானின் அளவைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். தானே ஐஸ் செய்யும் பெட்டிக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் அதன் வால்வில் படிந்துவிடுவதால் சுத்திகரிப்பான் வழியாகத்தான் இணைக்க முடியும். சுவரிலிருந்து இழுக்க முடியாத பெட்டிக்குப் பின்னால் எலி கம்பியைக் கடித்தால் தெரிய நாளாகும். பெட்டியை இழுக்காமலே இணைப்பைத் துண்டிக்கும்படி பிளக்கைப் பக்கத்து அலமாரிக்குள் வைப்பது அதனால்தான்.

ஃபிரிட்ஜின் வெளித்தகட்டில் மட்டும் சேலத்துக்கு ஒரு பழைய உரிமை உண்டு. கஞ்சமலை அடிவாரத்தில் இந்திரா காந்தி 1970இல் அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலை, 1980களின் தொடக்கத்திலிருந்து துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டுகிறது. நாடெங்கும் ‘சேலம் ஸ்டெயின்லெஸ்’ என்றால் பாத்திரக் கடைக்காரருக்குத் தெரியும். விலையுயர்ந்த ஃபிரிட்ஜின் முகத்துக்கு உலகம் தேர்ந்தெடுத்ததும் அதே உலோகம்; இங்கே அது நீண்ட நாளாகக் குண்டானிலும் டம்ளரிலும் புழங்கியதால் ஆடம்பரமாகத் தோன்றவில்லை. மரப்பலகை ஒட்டிய கதவைச் சிலர் விரும்புவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மாடம் கட்டுவதற்கு முன்பே பெட்டியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஐரோப்பிய 56 சென்டிமீட்டர் மாடத்தில் அமெரிக்க 36 அங்குலப் பெட்டி நுழையாது. பத்துப் பதினைந்து ஆண்டில் பெட்டி ஓய்ந்ததும் அதே அளவில் இன்னொன்று கிடைக்க வேண்டும். இல்லையென்றால் கிரானைட்டையும் தச்சு வேலையையும் உடைக்க வேண்டியிருக்கும். இதைக் கணக்கிட்டுச் சிலர் மாடத்தைச் சற்றுப் பெரிதாக விட்டு, இடைவெளியைக் கழற்றக்கூடிய பலகையால் மூடுகிறார்கள். பழைய ஃபிரிட்ஜைக் கொல்லைப்புறப் பொடக்காலிப் பக்கம் தள்ளி, மாவுக்கும் கறிக்கும் என்று வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு.