வட்டுக்கோட்டையில் படித்த ஒரு கிறிஸ்தவப் பெடியன்

'கம்பஸுக்குப் போனாப் பிறகு ஆள் சேர்ச் பக்கமே வாறேல்ல.' ஊரில் இது அடிக்கடி கேட்கிற முறைப்பாடு. இது இந்தத் தலைமுறையின் வியாதி என்று நினைக்கிறவர்கள் 1855க்கு ஒருக்கால் போய்ப் பார்க்கவேணும். இதே முறைப்பாட்டினால்தான் அந்த வருடம் ஒரு பெரிய கல்லூரியையே இழுத்து மூடினார்கள்.

அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரிதான் அது. பெயர் செமினரி என்றாலும் படிப்பு பல்கலைக்கழகத் தரம். கணிதம், வானியல், தத்துவம், ஆங்கிலம், அதோடு தமிழ் இலக்கணமும் இலக்கியமும் படிப்பித்தார்கள். படித்தவன் தானாகக் கிறிஸ்துவிடம் வருவான், பிறகு ஊருக்குப் போதிப்பான் என்பது மிஷனின் கணக்கு. பெடியள் நல்லாத்தான் படித்தார்கள். படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்கும் இந்தியாவுக்கும் போனார்கள். அமெரிக்காவிலிருந்து பார்க்க வந்த ரூபஸ் அண்டர்சன் குழுவுக்கு இது பிடிக்கவில்லை. செமினரி மூடப்பட்டது.

அங்கே 1840களில் படித்தவர்தான் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1832இல் சிறுப்பிட்டியில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சோற்றுக்கும் படிப்புக்கும் மதம் மாறினவர்கள் என்று அந்தக் காலத்து மாணவர்களைப் பற்றி ஒரு ஏளனம் உண்டு. இவருக்கு அது பொருந்தாது. இவருடைய வீடே கிறிஸ்தவ வீடு.

பிறகு சென்னைக்குப் போனார். பீட்டர் பேர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி பத்திரிகையில் வேலை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர்: தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். இரண்டு பேரும் வட்டுக்கோட்டைப் பழைய மாணவர்கள்! மூடின கல்லூரிக்கு இதைவிட வேறென்ன சான்றிதழ் வேணும்?

தாமோதரம்பிள்ளை ஆறுமுக நாவலரின் தொடர்பில் சைவத்துக்குத் திரும்பினார். சைவத்துக்காக எழுதினார், ஏழாலையில் பாடசாலை நடத்தினார். ஆனால் 'மிஷன் தோற்றது, சைவம் வென்றது' என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இதைச் சொல்லிவிட்டுப் போகேலாது. அவர் தன் காலத்தையும் காசையும் எதில் கொட்டினார் என்று பாருங்கள்.

பகலில் அரசாங்கக் கணக்கு உத்தியோகம், பிற்காலத்தில் புதுக்கோட்டையில் நீதிபதி. சுகமாக இருந்திருக்கலாம். இவரோ தொட்டால் ஒடிகிற ஏடுகளைத் தேடி அலைந்தார். 1868இல் நாவலர் பரிசோதித்துக் கொடுக்க, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சேற்றினார். 1885இல் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை. பல பிரதிகளை ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து, கதையை முன்னுரையில் விளக்கிப் பதிப்பித்தார். இந்த ஒழுங்கு அவருக்கு எங்கிருந்து வந்தது? மரபுப் புலமையும் நாவலரின் பழக்கமும் ஒரு பக்கம். அச்சையும் ஆதாரத்தையும் மதிக்கிற வட்டுக்கோட்டைப் படிப்பு மற்றப் பக்கம் என்றே எனக்குப் படுகிறது.

இன்னொன்று. 1881இல் அவர் பதிப்பித்த வீரசோழியம் ஒரு பௌத்தர் செய்த இலக்கணம். 1889இல் பதிப்பித்த சூளாமணி சமணக் காப்பியம். சைவப் பற்று அவருக்குக் குறைவில்லை, ஆனாலும் ஏடு அழிகிறது என்றால் அது யாருடைய ஏடு என்று அவர் பார்க்கவில்லை.

1901இல் அவர் காலமானார். அவருடைய மகன் அழகசுந்தரம் எதிர்த்திசையில் போனார்: கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் போதகரானார். அந்தப் போதகர்தான் பிலிப்ஸ் என்ற மிஷனரியோடு சேர்ந்து தேவாரத்தையும் திருவாசகத்தையும் தெரிந்தெடுத்து ஆங்கிலமாக்கி, 1921இல் புத்தகமாக வெளியிட்டார்.