மீன் நடத்தையால் நீர்த்தரம் அறிதல்

மீனின் மூச்சு, நீச்சல், கூட்டம் சேரும் விதம் ஆகியவற்றில் தென்படும் மாற்றத்தைக் கொண்டு நீரில் கலந்த நஞ்சையோ ஆக்சிஜன் குறைவையோ கண்டறியும் முறை. நீர் கெடும்போது முதலில் மாறுவது மூச்சு. செவுள்மூடி வேகமாக அடித்துக்கொள்ளும். செவுளில் படிந்ததைத் தள்ள மீன் இருமுவதுபோல் நீரை உந்தும். பிறகு மேலே வந்து வாய் பிளக்கும். செத்து மிதப்பது கடைசிக் கட்டம்.

நொய்யல் படுகையில் இதைக் கண்ணாலேயே காணலாம். கோவையின் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் போன்றவற்றில் சாக்கடை நீர் சேர்கிறது. அதிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது ஆக்சிஜன் செலவாகிறது. இரவில் பாசியும் அதையே சுவாசிப்பதால் விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவு. குளத்தைப் பார்க்க வேண்டிய நேரமும் அதுவே.

ஆனால் எந்த மீன் என்பதைக் கவனிக்காமல் முடிவுக்கு வரக்கூடாது. விராலும் தேளியும் காற்றைச் சுவாசிப்பவை. அவை மேலே வருவது இயல்பு. கட்லாவும் ரோகுவும் வந்தால் அது ஆபத்தின் அறிகுறி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி கெண்டையோ குறைந்த ஆக்சிஜனையும் மிகுந்த உப்பையும் தாங்கும். திருப்பூர் சாயக்கழிவின் பெருங்கேடே உப்புதான். 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவு தேங்கும் இடமாகி, உழவர்களின் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை இந்தக் கேடு குறித்த வழக்கு நீண்டது. இத்தகைய நீர்நிலையில் ஜிலேபி துள்ளுவதை நலத்தின் சான்றாகக் கொள்வது தவறு.

இந்தியச் சட்டத்திலும் மீனுக்கு இடமுண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரத்தின்படி, நீர் சேர்த்து நீர்க்கச் செய்யாத ஆலைக்கழிவில் விட்ட மீன்களில் 90 விழுக்காடு 96 மணி நேரத்துக்குப் பின்னும் உயிரோடிருக்க வேண்டும். மீன்வளத்துக்கு உகந்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். முதல் சோதனை சாவை மட்டுமே எண்ணுகிறது. அதற்கு முந்தைய தவிப்பு கணக்கில் வருவதில்லை. இது பெருங்குறை.

தவிப்பை அளக்க வழி இருக்கிறது. செவுள் அசையும்போது தசையில் எழும் மெல்லிய மின்துடிப்பைத் தொட்டியில் வைத்த மின்முனைகள் பதிவுசெய்யும். பல மீன்களின் துடிப்பு ஒரே நேரத்தில் மாறினால் கணினி எச்சரிக்கும். அமெரிக்காவில் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ நகரங்கள் குடிநீர்க் காவலுக்கு புளூகில் மீனை இவ்வாறு பயன்படுத்தின. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே ரசாயனக் கிடங்கு எரிந்து, ரைன் ஆற்றில் விலாங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அதன்பின் அந்த ஆற்றங்கரையில் உயிரிகளைக் கொண்ட கண்காணிப்பு வலுப்பெற்றது.

ஏதோ கெட்டது என்றுதான் மீன் காட்டும். எது கெடுத்தது என்பதை ஆய்வகமே சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் மலிந்த நீரிலும் மீன் சுறுசுறுப்பாக நீந்தும். எனவே மீன் விளையாடும் கிணற்று நீரையும் சோதிக்காமல் குடிக்கக்கூடாது.