இழந்த கண் சொன்ன விடை

1971ல் ஜப்பானியக் கண் மருத்துவர் அகிரா உராயாமாவும் அவரது சகாக்களும் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்குக் கண் சிவந்து பார்வை மங்கியது. விழித்திரையின் ஓரங்கள் வெளுத்து அழிந்தன. ஜப்பானில் 'கிரிசாவா அழற்சி' என்று வழங்கிய இந்நோய்க்குக் காரணம் அப்போது தெரியவில்லை.

காரணத்தைத் தேடுவதிலேயே ஒரு கொடுமை இருந்தது. விழித்திரை மீண்டும் வளராதது. ஆராய்வதற்காக அதில் ஒரு துணுக்கை வெட்டியெடுப்பதும் பார்வைக்கு ஆபத்து. எனவே விடை, பார்வையிழந்து அகற்றப்பட்ட கண்ணிலிருந்தே வந்தது. 1982ல் அமெரிக்காவில் கல்பர்ட்சன் குழுவினர் அத்தகைய ஒரு கண்ணை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து ஹெர்ப்பிஸ் குடும்ப வைரஸைக் கண்டனர். 1986ல் அது சின்னம்மை வைரஸ் என்று உறுதியாயிற்று. சிறுவயதில் அம்மையாக வந்து, நரம்புகளில் பல்லாண்டு உறங்கி, பின்னர் அக்கியாக எழும் அதே வைரஸ்தான். ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸும் இந்நோயை உண்டாக்கும் என்பது பிறகு தெரிந்தது.

1994ல் அமெரிக்க யூவியைட்டிஸ் சங்கம் வகுத்த இலக்கணம் வைரஸின் பெயரைக் கேட்கவில்லை. ஓரத்தில் தொடங்கும் அழிவு, அது வட்டமாகப் பரவும் வேகம், அடைபடும் தமனிகள், கண்ணுள் அழற்சி ஆகியவற்றை மருத்துவர் கண்டாலே போதும் என்றது. பிறகு பி.சி.ஆர். சோதனை பரவியது. கண்ணின் முன்னறையிலிருந்து எடுக்கும் 0.1 மில்லிலிட்டர் நீரே வைரஸை அடையாளம் காட்டப் போதுமானதாயிற்று.

ஆயினும் சோதனை முடிவுக்காகச் சிகிச்சை காத்திருப்பதில்லை. மருந்தின்றி விட்டால், பலருக்கு மறு கண்ணும் பாதிக்கப்படும். ஆகவே உராயாமா கண்டெழுதிய அந்த வெளுப்பைப் பார்த்த அன்றே அசைக்ளோவிர் போன்ற மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.