விமானிக்கு எதற்குச் சங்கம்?



நம் பக்கத்து ஊர்களில் தொழிற்சங்கம் என்ன என்பதை யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று எங்கே போனாலும் நெய்வேலிக்கு ஷிப்ட் போன ஒருவர் இருப்பார். ஊதிய ஒப்பந்தம், நிலுவைத் தொகை, வேலைநிறுத்த நோட்டீஸ் எல்லாம் டீக்கடைப் பேச்சு. ஆனால் விமானிகள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தால் மட்டும், "லட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கு எதற்குப்பா சங்கம்?" என்று கேட்டுவிடுகிறோம். அதற்கு நான் படித்துத் தெரிந்துகொண்ட அளவில் ஒரு பதில் எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1931இல் விமானிகள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1934இல் அங்கே அரசின் தொழிலாளர் வாரியம் ஒரு தீர்ப்பு சொன்னது. விமானி மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்ற வரம்பு அதில் இருந்தது. ஆக, ஆரம்பத்திலிருந்தே இவர்களுடைய பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு நேரமும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. தூங்கி வழியும் விமானியால் ஆபத்து அவருக்கு மட்டுமா? பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும்தான்.

நம் நாட்டில் 1953இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமை ஆயிற்று. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. விமானிகளுக்கும் இரண்டு சங்கங்கள். இந்தியன் ஏர்லைன்ஸில் இந்திய வணிக விமானிகள் சங்கம், ஏர் இந்தியாவில் இந்தியன் பைலட்ஸ் கில்டு. நிர்வாகம் என்று எதிரே உட்கார்ந்தவர் பெரும்பாலும் அரசு அதிகாரி. கடைசி முடிவு டில்லியில். என்.எல்.சி.யில் பேச்சுவார்த்தைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், மேசையில் இருப்பவரிடம் கொடுக்கிற அதிகாரம் எவ்வளவு என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சட்டமும் ஒன்றுதான். 2025 வரை நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டம் விமானப் போக்குவரத்தைப் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்றது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து 7 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது என்று இருந்தது. நோட்டீஸ் கொடுத்தால் சமரசம் தொடங்கும், சமரசம் தொடங்கினால் நிறுத்த முடியாது. விமானிகள் கூட்டமாக "உடம்பு சரியில்லை" என்று விடுப்புச் சொல்லும் வழக்கம் இந்த இடுக்கிலிருந்து வந்ததுதான். 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் அப்படித்தான் செய்தார்கள். சங்கம் தொடங்கிய விமானிகளை வேலையை விட்டு நீக்கியதுதான் அதற்குக் காரணம். சில நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்து, நீக்கியவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அதற்கு முன்னால் 1992 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பணிந்து போகவில்லை. வெளிநாட்டு விமானங்களை விமானிகளோடு சேர்த்து வாடகைக்கு எடுத்து ஓட்டியது. 1993 ஜனவரி 9 அன்று ஐதராபாத்திலிருந்து டில்லிக்கு வந்த அப்படிப்பட்ட ஒரு டுபோலேவ் விமானம் மூடுபனியில் இறங்கும்போது கவிழ்ந்து தீப்பிடித்தது. உள்ளே நூற்றறுபதுக்கும் மேற்பட்டவர்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பதை இன்றைக்கு நினைத்தாலும் நம்ப முடியவில்லை. துறை அமைச்சர் மாதவராவ் சிந்தியா பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பேச்சுவார்த்தை முறிந்தால் நஷ்டக் கணக்கு யார் தலையில் விழும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு 2007 வந்தது. இரண்டு நிறுவனங்களையும் ஒன்றாக்கினார்கள். அதற்குள் இரண்டும் சேர்ந்து 111 புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தன. கடன் கழுத்தை நெரித்தது. பெயர் ஒன்றாயிற்று, சம்பளப் பட்டியல் ஒன்றாகவில்லை. பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிக்கு வருமானத்தின் பெரும்பகுதி பறந்த மணி நேரத்தைப் பொறுத்தது. விமானம் தரையில் நின்றால் அவர் வருமானமும் நின்றுவிடும். ஏர் இந்தியாக்காரர்களுக்கு இருந்தது போல் நிலையான சம்பளம் எங்களுக்கும் வேண்டும் என்று 2011 ஏப்ரல் கடைசியில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். டில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நிர்வாகம் சங்கத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது, சிலரை வேலை நீக்கம் செய்தது. 10 நாள் கழித்து மே 6ஆம் தேதி சமரசம். அங்கீகாரமும் வேலையும் திரும்பக் கிடைத்தன. ஊதியச் சிக்கலைத் தீர்க்க நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு போட்டார்கள்.

இந்தக் கோரிக்கையில் எனக்கு நியாயம் தெரிகிறது. அடுத்த ஆண்டு நடந்ததில் அவ்வளவாகத் தெரியவில்லை.

2012 மே மாதம் மற்ற சங்கமான கில்டு இறங்கியது. வரப்போகும் போயிங் டிரீம்லைனர் விமானத்தை ஓட்டும் பயிற்சியைப் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான் முக்கியமான கோரிக்கை. பெரிய விமானம் ஓட்டக் காத்திருந்தவர்களின் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் பொய் இல்லை. ஆனால் நிர்வாகத்தோடு நடக்க வேண்டிய சண்டை, பக்கத்து நாற்காலியில் இருக்கும் விமானியோடு நடந்தது. ஒரு சங்கம் நிறுத்தியபோது மற்றது பறந்தது. நூறு பேர் அளவில் வேலை போயிற்று. 58 நாள் இழுத்து, ஜூலை 3 அன்று உயர் நீதிமன்றத்தில்தான் முடிந்தது. நிரந்தரத் தொழிலாளி ஒருபக்கம், ஒப்பந்தத் தொழிலாளி ஒருபக்கம் என்று நெய்வேலியில் நாம் பார்த்த பிளவை இங்கே நினைத்துப் பார்க்கலாம். (இதில் கோபப்படப் போகும் மாமாக்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். போனில் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.)

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா கைக்குப் போனது. 2023 ஏப்ரலில் புது ஒப்பந்தம் வந்தது. சங்கத்தோடு பேசி வந்ததல்ல, ஒவ்வொரு விமானியும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டியது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் உறுதியாகக் கிடைக்கும் படி, கொரோனாவுக்கு முன் 70 மணி நேரத்துக்கு இருந்தது, 40 மணி நேரத்துக்கு ஆனது. மூத்த கேப்டன்களை நிர்வாகப் பிரிவில் சேர்க்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. நிர்வாகத்தில் சேர்ந்தவர் சங்கத்தில் எப்படி இருப்பார்? பதவி உயர்வு மாதிரிதான் தெரியும். 2012இல் எதிரெதிரே நின்ற இரண்டு சங்கங்களும் இந்த முறை ஒன்றாகக் கையெழுத்துப் போடாதீர்கள் என்றன. 1,500க்கும் மேற்பட்ட விமானிகள் ரத்தன் டாடாவுக்கு மனு அனுப்பினார்கள். அந்த ஒற்றுமை பதினோரு வருஷம் முன்னால் வந்திருக்கலாம்.

ஓய்வு விஷயம் வேறு வழியாக வந்தது. விமானிகள் அமைப்புகள் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகவும், இரவில் தரையிறங்குவது ஆறிலிருந்து இரண்டாகவும் மாறிய விதிகள் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. விதிகளை 2024 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் அவகாசம் இருந்தும் இண்டிகோ போதுமான விமானிகளைத் தயாராக வைத்திருக்கவில்லை. 2025 டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. பயணிகள் நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அரசு, அந்த நிறுவனத்துக்கு மட்டும் இரவு விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது.