தேய்ந்த சரிபார்ப்புக் குறி: காலர் ஐடியும் கேட்வேயும் பற்றிய ஒரு மறுவாசிப்பு

காலர் ஐடியின் மீது மக்களுக்கிருந்த நம்பிக்கை எப்போது உடைந்தது, யாரால் உடைந்தது என்ற கேள்விக்கு மிகத் தெளிவாக விடை சொல்லும் ஆவணம் 2014 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 7340. ஜான் பீட்டர்சன், ஹென்னிங் ஷுல்ஸ்ரினே, ஹானஸ் சோஃபெனிக் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதியது. இணையவழித் தொலைபேசியைப் பழைய தொலைபேசி வலையோடு இணைத்ததால் அழைப்பவர் எண்ணுக்கிருந்த உறுதி குறைந்துவிட்டது, ஆள்மாறாட்டக்காரர் கையில் மலிவான கருவிகள் வந்து சேர்ந்தன என்பது அதன் வாசிப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. எழுதியவர்களில் பீட்டர்சன் இந்தத் துறைக்கு வெளியாளும் அல்லர். 2002இல் வந்த ஆர்எஃப்சி 3323, 3325, 2006இல் வந்த 4474 ஆகிய மூன்றிலும் அவர் பெயர் உண்டு. கட்டியவரே கட்டடத்தின் விரிசலுக்குக் காரணம் சொல்கிறார். ஆனாலும் உறுதி "குறைந்தது" என்று அவர்கள் ஒரே சொல்லில் முடிப்பது வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில் நடந்த இரண்டு இழப்புகளை என்று கருதுகிறேன். முதல் இழப்பு இணையவழித் தொலைபேசிக்கு முந்தியது. இரண்டாவது, பழைய வலையையும் இணையத்தையும் இணைக்கும் கேட்வேயில் நடந்தது உண்மைதான், ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தால் அல்ல.

முதலில், இழந்தது எது என்று பார்க்க வேண்டும். ஐஎஸ்டிஎன் என்ற இலக்கமுறைத் தொலைபேசி இணைப்பின் அழைப்புச் செய்தியை வரையறுக்கும் க்யூ.931 தரத்தில், அழைப்பவர் எண்ணுக்கு முன்னால் 3ஏ என்ற ஒரு பைட் வருகிறது. அதில் இரண்டு குறிகள் உண்டு. ஒன்று, எண்ணைக் காட்டலாமா மறைக்கலாமா என்பது. மற்றொன்று சரிபார்ப்புக் குறி. இரண்டு பிட், நான்கு மதிப்பு: பயனர் தந்தது, சரிபார்க்கப்படாதது; பயனர் தந்தது, சரிபார்த்துத் தேறியது; பயனர் தந்தது, சரிபார்த்துத் தவறியது; வலையமைப்பே தந்தது. ஓர் அலுவலகத்தின் உள்தொலைபேசி இணைப்பகமான பிபிஎக்ஸ் தன் எண் இதுவென்று சொன்னால், அது அந்த அலுவலகத்துக்கு ஒதுக்கிய எண் வரிசைக்குள் இருக்கிறதா என்று எக்ஸ்சேஞ்ச் பார்த்து இந்தக் குறியை இடும். எண் பொய்யாக இருக்கலாம் என்பது அந்தத் தரத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாதிருந்தால் நான்கு மதிப்புக்கு அங்கே வேலை இல்லை.

இந்தப் பைட்டின் இரு பாதிகளும் சந்தாதாரர் வீட்டுக்கு வந்து சேர்கிற விதம்தான் முதல் இழப்பின் சான்று. அமெரிக்காவில் பெல்கோர் வகுத்த காலர் ஐடி முறை எல்லோரும் அறிந்தது: முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில், நொடிக்கு 1200 பிட் வேகத்தில், 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகளாகத் தகவல் வரும். அதன் பல்கூறு வடிவத்தில் தேதிக்கும் நேரத்துக்கும் ஒரு கூறு, எண்ணுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று. எண் இல்லையென்றால் ஏன் இல்லை என்பதற்கும் தனிக் கூறு உண்டு. மறைக்கச் சொல்லியிருந்தால் "பி" என்ற எழுத்தும், கிடைக்கவில்லை என்றால் "ஓ" என்ற எழுத்தும் வரும். அதாவது 3ஏ பைட்டின் முதல் பாதி, காட்டலாமா கூடாதா என்பது, பெட்டியின் திரைவரை வந்து சேர்ந்தது. சரிபார்ப்புக் குறிக்கு அந்த வடிவத்தில் இடமே ஒதுக்கவில்லை. ஐரோப்பியத் தரத்தில் துணை எண்ணுக்கென ஒரு கூறு சேர்ந்தது உண்மை. ஆனால் அது இன்னோர் எண்ணுக்கான இடமே தவிர, எண்ணைப் பற்றிய சாட்சியத்துக்கான இடம் அல்ல. ஆக, சரிபார்க்காத எண்ணும் வலையமைப்பே தந்த எண்ணும் 1980களின் பிற்பாதியிலேயே திரையில் ஒரே தோற்றத்தில் வந்தன. சந்தாதாரருக்கு "இருந்த உறுதி" என்று ஆர்எஃப்சி 7340 எதைச் சொல்கிறதோ, அது திரையிலிருந்து அவர் படித்தறிந்தது அல்ல. பொய் சொல்லக்கூடியவர்கள் அன்று மிகச் சிலரே என்பதால் விளைந்த பழக்கம்.

கேட்வேகளின் அமைப்புப் பக்கங்களும் இதே மௌனத்தைத் தொடர்ந்தன. 2005இல் சிபுரா நிறுவனம் லிங்க்சிஸ் கைக்குப் போனபின் லிங்க்சிஸ் பெயரில் விற்ற எஸ்பிஏ-3102 வீட்டு உபயோகக் கேட்வேகளில் பெயர் பெற்றது. அதில் காலர் ஐடி முறை என்ற ஒரே அமைப்புக்கு எட்டுத் தேர்வுகள். வட அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் பெல்கோர், பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் மின்முனை மாற்றத்துக்குப் பிறகு டிடிஎம்எஃப், டென்மார்க்குக்கு மின்முனை மாற்றம் இல்லாத டிடிஎம்எஃப், பிரிட்டனுக்கு மின்முனை மாற்றமும் எச்சரிக்கை ஒலியும் சேர்ந்த எஃப்எஸ்கே, இப்படிப் போகிறது. எட்டும் ஒலி எந்த வகை, மணிக்கு முன்னா பின்னா என்பதையே கேட்கின்றன. ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளின் டாடி அமைப்புக் கோப்பில் காலர் ஐடி தொடங்கும் அடையாளத்துக்கான மதிப்புகளில் "போலாரிட்டி_ஐஎன்" என்று இந்தியாவுக்கெனவே ஒன்று தனியே நிற்கிறது. இங்குள்ள தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் ஒரே முறையைப் பின்பற்றவில்லை என்பதை விளக்க அந்த மென்பொருளோடு தனிக் குறிப்பே இணைக்கப்பட்டது. ஒலியின் நாட்டுவாரி வேறுபாட்டுக்கு இத்தனை நுணுக்கம். லேண்ட்லைனில் வந்த எண்ணை அப்படியே இணையப் பக்கத்து அழைப்பின் எண்ணாக வைக்கலாமா என்பதற்கு எஸ்பிஏ-3102இல் இருந்தது ஓர் ஆம்-இல்லை பொத்தான் மட்டுமே.

இனி இரண்டாம் இழப்பு. இதற்கு நான் முதன்மையாகக் கொள்ளும் மூலம் இணையவழி அழைப்புகளுக்கான சிப் நெறிமுறையைக் கையாண்ட ஆஸ்டரிஸ்கின் பழைய இயக்கி. 2023இல் வந்த 21ஆம் பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. என்றாலும் பல ஆண்டுகள் எண்ணற்ற கேட்வேகள் அதன் மேல்தான் ஓடின. ஆஸ்டரிஸ்க் அழைப்பவர் எண்ணின் நிலையை ஒன்பது பெயர்களில் வைத்திருக்கிறது. "அலவுட்" என்று தொடங்கும் நான்கு, "புரொஹிப்" என்று தொடங்கும் நான்கு, கடைசியாக "அனவைலபிள்". முதல் எட்டும் க்யூ.931இன் நான்கு சரிபார்ப்பு மதிப்புகளைக் காட்டலாம், மறைக்கலாம் என்ற இரண்டால் பெருக்கியவை. பதினாறு அடிப்படை எண்ணில் 00 முதல் 03 வரை, 20 முதல் 23 வரை, பிறகு 43. பழைய பைட் பிட் மாறாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. சரிபார்ப்புக் குறியை இணையவழித் தொலைபேசி அறியாமல் தொலைத்தது என்று சொல்ல இந்தப் பட்டியல் இடம் தரவில்லை. தொலைந்தது அடுத்த படியில். இந்த மதிப்பை ரிமோட்-பார்ட்டி-ஐடி என்ற சிப் தலைப்புவரியாக மாற்றும்போது, இயக்கி "தேறியது", "வலையமைப்பே தந்தது" ஆகிய இரண்டுக்கும் "ஸ்கிரீன்=யெஸ்" என்று எழுதுகிறது; "சரிபார்க்கப்படாதது", "தவறியது" ஆகிய இரண்டுக்கும் "ஸ்கிரீன்=நோ". நான்கு இரண்டாயிற்று. மறுமுனையில் "நோ" என்று படிப்பவருக்கு, யாரும் பார்க்காத எண்ணா, பார்த்துப் பொய்யென்று கண்ட எண்ணா என்று பிரித்தறிய வழியில்லை. அதே எண்ணை பி-அசெர்ட்டட்-ஐடென்டிட்டி தலைப்புவரியில் அனுப்பச் சொன்னாலோ, மறைக்கும் விருப்பம் மட்டும் பிரைவசி என்ற தனி வரியில் போகிறது. சரிபார்ப்புக்கு அங்கே எதுவும் இல்லை. பெல்கோர் வடிவத்தில் நடந்ததே இங்கும் நடந்திருக்கிறது: பைட்டின் முதல் பாதி பிழைக்கிறது, இரண்டாம் பாதி மறைகிறது.

"ஸ்கிரீன்" என்ற கூறு ஏன் கைவிடப்பட்டது என்பதில் சான்று மெலிவானது. ரிமோட்-பார்ட்டி-ஐடி வரைவு நிலையிலேயே காலாவதியானது. 2002 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த ஆர்எஃப்சி 3325இன் தலைப்புவரியில் அந்தக் கூறு இல்லை. மறதி என்று இதை விளக்குவது சரியாகாது என்றே வாதிடுவேன். 3325 இரண்டு தலைப்புவரிகளை வகுக்கிறது. பயனர் தன் எண் இதுவென்று தன் பக்கத்துச் சேவையகத்துக்குச் சொல்ல ஒன்று. அதைச் சரிபார்த்த சேவையகம் நம்பக வட்டத்துக்குள் சொல்ல மற்றொன்று, முன்னே பார்த்த பி-அசெர்ட்டட்-ஐடென்டிட்டி. சரிபார்ப்பு இங்கே எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிய குறியாக இல்லை. எண் எந்த வரியில் நிற்கிறது என்பதே குறி. இடமே சாட்சி என்ற இந்த எண்ணத்துக்கு முன்னோடியும் உண்டு. எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையிலான க்யூ.763 தரத்தில், அழைப்பவர் எண்ணுக்கான கூறில் "தேறியது", "வலையமைப்பே தந்தது" என்ற இரண்டே பொதுவாக அனுமதிக்கப்பட்டவை. மற்ற இரண்டும் தேசிய உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டவை, சரிபார்க்காத எண் பொது எண் என்ற வேறு கூறில் போக வேண்டும். அமெரிக்கத் தரமோ நான்கையும் ஒரே கூறில் ஏற்றுக்கொண்டது. ஆக 3325 இந்த இரண்டு மரபுகளில் முதலாவதன் வழித்தோன்றல், ரிமோட்-பார்ட்டி-ஐடி இரண்டாவதன் வழித்தோன்றல் என்று கொள்ள இடமிருக்கிறது. நேரடிக் கடன் என்று நிறுவ இந்த ஒப்புமை போதாது. ரிமோட்-பார்ட்டி-ஐடியும் 3325இன் தலைப்புவரியும் பல ஆண்டுகள் அருகருகே உயிரோடிருந்ததால் இழப்புக்கு ஓர் ஆண்டைக் குறிப்பதும் பொருந்தாது. இடமே சாட்சியாக இருக்கும் முறை, இடத்தை நிரப்புபவர் ஒழுங்காக நிரப்பும்வரைதான் செல்லும். அமைப்புக் கோப்பில் எழுதிய எண்ணை எதுவும் பார்க்காமல் அசெர்ட்டட் வரியில் எடுத்து வைக்கும் ஒரு கேட்வே அந்த முறையை முழுதாகக் குலைத்துவிடும். அந்தக் கேட்வேயை இயக்குபவர் மோசடிக்காரராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

இங்கே 7340இன் பக்கம் நின்று ஒருவர் மறுக்கலாம்: க்யூ.763 இத்தனை கறாராக இருந்தது என்றால், பழைய வலையமைப்பு காவல் காத்தது என்றுதானே ஆகிறது? பாதி ஆகிறது. ஆனால் "தேசிய உபயோகத்துக்கு" என்ற அந்த விலக்கு காவலின் நடுவிலேயே வைத்த வாசல். ஜெர்மனியில் "கிளிப் – நோ ஸ்கிரீனிங்" என்ற பெயரில் ஐஎஸ்டிஎன் வாடிக்கையாளருக்கு ஒரு சேவை விற்கப்பட்டது. தனக்கு ஒதுக்காத எண்ணையும் பிபிஎக்ஸ் காட்டலாம், எக்ஸ்சேஞ்ச் தடுக்காது. கட்டணமில்லா எண்ணைக் காட்டும் வாடிக்கையாளர் சேவை மையத்துக்கும், கிளை அலுவலகத்திலிருந்து தலைமையக எண்ணைக் காட்டும் நிறுவனத்துக்கும் அது நியாயமான தேவைதான். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இணையத்தோடு பிறந்தது அல்ல, மாதக் கட்டணத்தோடு முன்பே கிடைத்தது என்பதே இங்கே முக்கியம். அதன் விலை சரிந்ததில் இணையத்தின் பங்கு பெரியது. அந்த அளவுக்கு 7340 சொல்வது சரி.

இன்னொரு மறுப்பு கனமானது. கையொப்பம் இல்லாத இரண்டு பிட்டுக்கு என்ன மதிப்பு? ஆஸ்டரிஸ்கின் டயல்பிளானில் "அலவுட்_பாஸ்ட்_ஸ்கிரீன்" என்ற மதிப்பை எவரும் ஒரே வரியில் எழுதிவிடலாம், யாரும் எதையும் சரிபார்த்திருக்கவே வேண்டாம். வலையமைப்பின் சாட்சியம் அங்கே வெறும் மாறியின் மதிப்பாகிவிட்டது. இதை மறுக்க இயலாது. எனினும் 2018இல் ஆர்எஃப்சி 8224 அழைப்பவர் எண்ணுக்கு வகுத்த மின்னணுக் கையொப்பத்தின் மேல் ஷேக்கன் என்ற முறை ஏ, பி, சி என மூன்று தரச் சான்றுகளாகக் கட்டியெழுப்பியதைப் பார்த்தால், பழைய குறியின் சாயல் தெரிகிறது. ஏ என்றால் வாடிக்கையாளரையும் அந்த எண்ணுக்கு அவருக்குள்ள உரிமையையும் நிறுவனம் அறியும். பி என்றால் வாடிக்கையாளரை அறியும், எண்ணுரிமையை அறியாது. சி என்றால் அழைப்பு இந்த வாசல் வழியே உள்ளே வந்தது என்பது மட்டும் தெரியும்; கேட்வே சான்று என்பதே அதன் பெயர். நான்கு மதிப்பு இரண்டாகி, இரண்டு ஒன்றுமில்லாமல் போய், இப்போது மூன்றாகத் திரும்பியிருக்கிறது. கையொப்பம் புதிது. தரம் பிரிக்கும் எண்ணம் புதிதல்ல. கையொப்பமும் ஏ என்று யார் சொன்னார் என்பதையே காட்டும், ஏ என்பது உண்மையா என்பதைக் காட்டாது. "தவறியது" என்ற மதிப்பு மட்டும் திரும்பவில்லை. சரிபார்த்துத் தோற்ற எண்ணோடு அழைப்பை ஏன் அனுப்ப வேண்டும், துண்டித்தால் போதாதா என்ற இன்றைய மனநிலையின் அடையாளமாக இதைக் கொள்ளலாம். அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

2019 டிசம்பரில் கையெழுத்தான டிரேஸ்ட் சட்டமும், 2021 ஜூன் 30 என்று தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி வைத்த கெடுவும் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் ஐபி வலைகளுக்கு ஷேக்கனைக் கட்டாயமாக்கின. ஆனால் கையொப்பம் சிப் தலைப்புவரியில்தான் பயணம் செய்யும். அழைப்பு நடுவில் ஒரு பழைய எக்ஸ்சேஞ்சைக் கடக்க நேர்ந்தால் அந்த வரி அங்கேயே உதிர்ந்துவிடும். 2021 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 8816, அழைப்புக்கு வெளியே இன்னொரு வழியில் கையொப்பத்தைக் கொண்டு சேர்க்கும் திட்டத்தை முன்வைத்தது. அந்த வழி இல்லாத இடத்தில், பி என்ற சான்றோடு வரும் அழைப்பை ஐஎஸ்டிஎன் பக்கம் இறக்கும் கேட்வே 3ஏ பைட்டில் எதை எழுத வேண்டும்? "தேறியது" என்றால் மிகை, "சரிபார்க்கப்படாதது" என்றால் குறை. இடைப்பட்ட நிலைக்கு அந்த இரண்டு பிட்டில் மதிப்பு கிடையாது. எதை எழுதுவது என்பது இன்னமும் அந்தக் கேட்வேயை அமைப்பவர் கையில்தான் இருக்கிறது.