மலைக்கு அளவு

ரமணாசிரமத்துக்குப் பின்னால், ஓவிய விடுமுறையில் வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் சிலரோடு நானும் அண்ணாமலையை வரைய உட்கார்ந்தேன். 1792-93இல் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் தென்னாட்டில் இப்படித்தான் ஊர் ஊராக வரைந்துகொண்டு போனார்கள். கோடு பிசகாதிருக்க, காட்சியைத் தாளில் விழச்செய்யும் இருட்டுப்பெட்டி ஒன்றும் கூடப் போயிற்று. 1795லிருந்து 1808க்குள் லண்டனில் 144 செப்புத்தகட்டுப் படங்கள் வெளிவந்தன. அவற்றில் பாறையும் அருவியும் கோபுரமும் பெரியவை. நம்மவர்கள் சிறியவர்கள், பெரும்பாலும் அளவு காட்ட நிற்பவர்கள்.

பெட்டிக்கு ஓரிடம் வேண்டும். 14 கிலோமீட்டர் வலம் வருகிறவனுக்கோ இந்த மலை அடிக்கொரு முகம்.

விறகுச்சுமையோடு ஒருத்தி இறங்கிவந்தாள். அவளை ஒரு புள்ளியாக வைத்தேன், மலைக்கு அளவாக. மலை சரியாக வந்திருந்தது. டேனியல்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.